தும்பிக்கை நடந்த தூரம்

எட்டு நடைப் பாதையின் போர்டில் எல்லாம் எழுதியிருந்தது. வடக்கில் ஆரம்பிக்க வேண்டும், முதல் பதினைந்து நிமிடம் இந்தப் பக்கமாக, அடுத்த பதினைந்து நிமிடம் அந்தப் பக்கமாக, செருப்பில்லாமல், பேசாமல், செல்போன் பார்க்காமல். அடியில் உபயம் என்று போட்டு ஒரு நகைக்கடையின் பெயர். நடக்கிறதுக்குமா ஒருத்தன் உபயம் தருவான் என்று சென்னியப்பனுக்கு எடுத்த எடுப்பிலேயே எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து ஏழு மணிச் சங்குக்கு வெளியே வந்தவன், புருவத்தில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிடாமல் நேரே இந்தப் பூங்காவுக்கு வந்திருந்தான். கண் இரண்டும் மிளகாய் அரைத்துத் தடவினாற்போல் காந்திற்று. வீட்டுக்குப் போயிருந்தால் இந்நேரம் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டையைக் கிடத்தியிருக்கலாம். முடியாது. எட்டு மணிக்குக் கோகிலவாணி வருகிறாள். பெற்ற மகள். "அப்பா, ரெண்டு பேரும் அரை மணி நேரம் எட்டு நடந்துட்டு அப்படியே டாக்டரம்மாகிட்டப் போயிரலாமுங்" என்று நேற்று போனில் குதூகலமாகச் சொல்லியிருந்தாள். அவள் வருவதற்குள் மூச்சு வாங்காமல் நடக்கப் பழகிக்கொள்ள வேண்டும். நாற்பது நிமிடத்தில். தினம் பதினாலாயிரம் அடி நடக்கிறவன் என்று நம்பப்பட்ட ஒரு மனிதன் இரண்டு சுற்றில் நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டால் அதற்கு என்ன காரணம் சொல்வது. இடது மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. அவள் கட்டிவிட்டது. விரலால் தட்டினான். ராத்திரி ஷிப்ட் தொடங்கியதிலிருந்து இதுவரைக்கும் பதினாலாயிரத்துச் சொச்சம் அடி என்று காட்டியது. அதில் மில் கேட்டிலிருந்து பூங்கா வரைக்குமான அறுநூறு அடிதான் அவன் நடந்தது. மிச்சத்தை நடந்தது வேறொன்று.

செருப்பை ஓரமாக விட்டுக் கல்லில் கால் வைத்தான். எட்டு மாதிரியே வளைந்து வளைந்து போகிற பாதை, சிமெண்டில் கூழாங்கல்லை நிமிர்த்தி நிமிர்த்திப் பதித்திருந்தார்கள், யார் பாதத்தின் மேல் யாருக்கு என்ன வன்மமோ. வலது கால் துடித்தது. இடது கால் சும்மா இருந்தது. இன்னொரு அடி. வலது கத்தியது, இடது ஏனென்று கேட்கவில்லை. பெருவிரலை ஒரு கல்லில் வைத்து வேண்டுமென்றே அழுத்தினான். செருப்புக்கு மேல் செருப்புப் போட்டாற்போல் எங்கேயோ தூரத்தில் ஏதோ தட்டுப்பட்டது. அதை யோசிக்கக் கூடாது. நட. எட்டின் இரண்டு வயிறும் ஒட்டுகிற நடு இடத்தில் எல்லாரும் குறுக்கே வந்தாக வேண்டும், ஒரு பக்கம் இவன், மறுபக்கம் அரைக்கால் சட்டையும் வெள்ளைச் சாக்ஸுமாக ஒரு பெரியவர், நெஞ்சு மோதாத குறை. "சார், ராங்குல வர்றீங்க. இது மொதப் பதினஞ்சு. ரெண்டாவது பதினஞ்சுலதான் இப்படி வரணும்." போர்டையே பத்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணியிருந்தார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் ரிடையரான சப்-ரிஜிஸ்ட்ராராம், இன்னொருத்தர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார். "சரிங்க" என்று திரும்பினான். சரிங்க என்று சொன்ன வாயை அறையலாம் போலிருந்தது. ஐம்பத்தொரு வயதில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதற்கு ஒருத்தனுக்குச் சரிங்க சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் இல்லை, அதற்கு முந்தின மாதம், இந்தப் பட்டை கைக்கு வந்த புதிதில் மூன்று நாள் இங்கே வந்தான். அப்போதும் இதே ஆள், இதே ராங்கு. நாலாம் நாள் வரவில்லை. பெரியவர் மேலேயே பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. இந்த ஆள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் நடந்திருப்பேன். நடந்திருப்பானா. எவனாவது ஒருத்தன் விசிலோடு நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறான், ஆறாவது படிக்கும்போதிருந்து. டிரில் மாஸ்டர் ஆரோக்கியம். பிரேயரில் எதற்கோ சிரித்துவிட்டான், எதற்கென்று இப்போது ஞாபகமில்லை, யாருக்கோ ஏப்பம் வந்திருக்கும். "சிரிச்சியா? கிரவுண்டப் பத்து சுத்து ஓடு." ஓடினான். ஏழாவது சுற்றில் விலா பிடித்து, வாந்தி வந்து, அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடினான், தரையில் விழுந்தால் அதற்கு வேறு இரண்டு சுற்று. ஓடுவது என்றால் அவன் உடம்புக்கு அன்றிலிருந்து ஒரே அர்த்தம்தான். ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறோம். இப்போது பார், பூங்காவின் அந்த மூலையில் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக நின்று கையை மேலே தூக்கி ஹா ஹா ஹா என்று சிரிக்கிறார்கள். உடற்பயிற்சியாம். அன்றைக்குச் சிரித்ததற்கு ஓடவிட்டான், இன்றைக்கு ஓட வந்த இடத்தில் சிரிக்கிறார்கள், இரண்டிலும் சிரிப்பு எங்கே இருக்கிறது, எவனுக்காவது உண்மையில் சிரிப்பு வருகிறதா. மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது சுற்றுதான்.

"உடம்பு அசையாத வேலையா?" என்றுதான் டாக்டரம்மா முதல் நாள் கேட்டாள். ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. "நடக்கணும். நடந்து பழக்கமே இல்லைன்னா மெதுவா ஆரம்பிங்க." நடந்து பழக்கமே இல்லை. அந்த ஒரு வார்த்தை மூன்று மாதமாக நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது, விழுங்கினாலும் போகவில்லை, துப்பினாலும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம், டாக்டரம்மா. இருபத்திரண்டு வருஷம் சைடர் வேலை. வரிசை வரிசையாக நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின் நிற்கும், நடுவில் ஓர் ஆள் போகிற சந்து, ஆயிரக்கணக்கில் கதிர் சுற்றும், எங்கே இழை அறுகிறதோ அங்கே போய் ஒட்ட வேண்டும், போக வேண்டும், வர வேண்டும், ஷிப்ட் முழுக்க. ஒரு தடவை ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சைடர்கள் காலில் ஏதோ கருவியைக் கட்டி அளந்து பார்த்துவிட்டுப் பதினைந்து கிலோமீட்டர் என்றார்கள். ஒரு ஷிப்டுக்கு. அந்தத் தூரத்தையெல்லாம் நீட்டிப் போட்டிருந்தால் எந்தச் சமுத்திரத்தைத் தாண்டி எந்த ஊருக்குப் போயிருப்பான், ஆனால் அவன் போனது அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. அதை யாராவது உடற்பயிற்சி என்றார்களா. கூலி என்றார்கள். கோபத்துக்கு நடுவில் கால் ஒரு கல்லில் இடறி, நிதானித்து, அப்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்து கோபத்தையே கொஞ்சம் ஒதுக்கியது. அந்த நடை அவனுக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் லூசு என்பார்கள். கண் பாட்டுக்கு வரிசையை மேய்ந்துகொண்டு போகும், நூறு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில் ஒரு கோடு இல்லாமல் போனால் பார்ப்பதற்கு முன்னாலேயே காலுக்குத் தெரிந்துவிடும், கால் திரும்பிய பிறகுதான் புத்தி திரும்பும், விரல் கதிரை நிறுத்தி, இழையை இழுத்து, ஒரு தொடல், ஒட்டிக்கொண்டது, அடுத்தது. மிஷின் சத்தத்தில் தொண்டை கிழியப் பாடினாலும் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காது, அதனால் பாடுவான். வேர்வை முதுகில் ஓடும். அப்போது வயிறு என்று ஒன்று அவனுக்கு இருந்ததே ஞாபகமில்லை. இங்கே இந்த எட்டில் கண்ணுக்கு என்ன வேலை. எது அறுந்திருக்கிறது, எதை ஒட்ட. முன்னால் போகிறவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, பின்னால் வருகிறவர் தன் பிடரியைப் பார்ப்பதை உணர்ந்துகொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, மறுபடியும் புறப்பட்டு. செக்கில் கட்டின மாட்டுக்காவது எண்ணெய் வரும்.

அப்புறம் நாற்காலி கொடுத்தார்கள். புது மிஷின்கள் வந்தன, ஆள் குறைந்தது, முழங்கால் தேய்ந்த பழைய ஆட்களை என்ன செய்வதென்று பார்த்து, அவனை ஈரப்பதம் பார்க்கிற அறையில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை, பட்டன்கள், மணிக்கொருதரம் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். "ராசா மாதிரி இருடா மாப்ளே" என்று மிஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் லூர்துசாமி முதுகில் தட்டினான். ராசா மாதிரிதான் இருந்தான், மூன்று வருஷம், தூக்கம் வராமலிருக்க டீ, டீக்கு வடை, ராசாவுக்குத் தொப்பை வந்தது, ராசாவுக்குச் சர்க்கரை வந்தது. நாற்காலி மேல் அவனுக்கு ஆத்திரம், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நாலு நடை நடந்துவிட்டு வரலாமே என்று கேட்டால், போகலாம்தான், யாரும் கட்டிப்போடவில்லை. போகவில்லை. அதுதான் உள்ளுக்குள் உறுத்துகிறது, அதனாலேயே நாற்காலி மேல் இரண்டு மடங்கு ஆத்திரம். பட்டை கட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போன நாலாம் நாள் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. லூர்துசாமிதான் சிரித்தான். "ஏன் மாப்ளே கால வலிக்க வைக்கற? தும்பிக்கைல கட்டியுடு. அது உன்னைவிட நல்லா நடக்கும்." மிஷின்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஒரு காற்றாடிப் பெட்டி ஓடும், அதிலிருந்து இரண்டு பக்கமும் தரை வரைக்கும் துணிக்குழாய் தொங்கும், பஞ்சை ஊதிக்கொண்டும் உறிஞ்சிக்கொண்டும் அசைந்து அசைந்து விடிய விடியப் போய்வரும். மில்லில் அதற்குத் தும்பிக்கை என்று பேர். ஒருநாள் வேடிக்கைக்குத்தான் கட்டினான். விடிந்து அவிழ்த்துப் பார்த்தால் பதிமூன்றாயிரம். கேட்டைத் தாண்டியதும் போனை ஆன் பண்ணினான், பட்டையில் ஏறின எண்ணிக்கை அதுவாகவே கோகிலவாணியின் போனுக்கும் போய்விடும், அப்படி ஏதோ செய்துவைத்திருந்தாள். அடுத்த நிமிடம் போன். "அப்பா. பதிமூணாயிரமா? நெசமாவா?" கல்யாணமாகி, பிள்ளை பெற்று, உடம்பு ஊதிப்போய், சோம்பேறி, ஆங்காரி என்று மாமியார் வாயில் விழுந்து, ஒரு வருஷமாகச் சிரித்தே பேசாத பெண். அந்தக் குரலில் அப்படி ஒரு வெளிச்சம். "மில்லுக்குள்ளயே ரவுண்டு போறேன் அம்மிணி" என்று அவன் வாய் சொல்லியது. ஒருநாள் இரண்டானது, இரண்டு அறுபத்து மூன்று ஆனது. தான் இருபத்திரண்டு வருஷம் நடந்த அதே சந்தில், அதே மிஷின்களுக்கு நடுவில், ஒரு துணிக்குழாய் தன் பேரில் நடந்துகொண்டிருப்பதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் பார்த்தான். பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு குழாய் மேல் பொறாமை.

இதெல்லாம் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன தடவை கோகிலவாணி போனை நீட்டி டாக்டரம்மாவிடம் காட்டினாள், பெருமை தாங்கவில்லை அவளுக்கு. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள், முதல் தடவையாக அவன் முகத்தையும் பார்த்தாள். "இவ்வளவு நடந்துமா குறையலை?" மாத்திரையைக் கூட்டினாள். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா உங்க கணையம் ஓய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். அப்பறம் ஊசிதான்." அடுத்த தடவை என்பது இன்றைக்கு. இன்னும் ஒரு மணி நேரத்தில் துணிக்குழாய் நடந்த நடைக்கு அவன் வயிற்றில் ஊசி. சொல்லிவிட்டால் என்ன. சொல்லலாம். டாக்டரம்மா, அது நான் இல்லை. சொன்னால் பக்கத்து ஸ்டூலில் கோகிலவாணி இருப்பாள். சொல்லாவிட்டால் ஊசி. போட்டுக்கொண்டால் போகிறது, எத்தனை பேர் போட்டுக்கொள்கிறார்கள், ஊசி ஒன்றும் தூக்குக்கயிறு இல்லை. ஆனால் நடக்காத உடம்புக்கு நடந்த உடம்பின் மருந்தைப் போட்டால் அது எங்கே போய் முட்டும். குமரேசண்ணனும் இப்படித்தான் டாக்டரிடம் பொய் சொன்னான், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்று. கூடப் பிறந்த அண்ணன். ஐம்பத்திரண்டில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கப்புறமும் அவன் செருப்பு வாங்கினால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது, ஒற்றைச் செருப்பு எந்தக் கடைக்காரன் கொடுப்பான். வலது தேயத் தேயப் புது ஜோடி, இடது மட்டும் அட்டை கழற்றாமல் கட்டிலுக்கடியில் சேர்ந்துகொண்டே போயிற்று. அண்ணன் செத்த பிறகு கட்டிலை நகர்த்தியபோது ஐந்து புதுச் செருப்பு, ஐந்தும் இடது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு அழக்கூட இல்லை, "இத என்ன பண்றதுன்னு தெரியலீங்களே" என்றாள். சென்னியப்பனுக்கு வருகிற ஆவணியில் ஐம்பத்திரண்டு. இடது பெருவிரலை மறுபடியும் கல்லில் அழுத்தினான். தெரிகிறதா. தெரிகிற மாதிரி இருக்கிறது. இல்லை. சொல்லிவிட வேண்டும். அவளிடம் சொல்லக் கூடாது, டாக்டரம்மாவிடம் மட்டும், தனியாக, அவளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு. ஆனால் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள், இவர்களெல்லாம் முகத்தைப் பார்க்காமலே உண்மையைச் சொல்கிறவர்கள். அப்படியென்றால் சொல்ல வேண்டாம். அப்படியென்றால் கால். நடு இடத்துக்கு வந்துவிட்டான், சாக்ஸ்காரர் எதிரே வருகிறார், "சார், பதினஞ்சு முடிஞ்சுது, திரும்பணும்" என்கிறார். திரும்பினான். மூச்சு இரைத்தது. கல்லுக்குப் பிறந்த பாதை, நகைக்கடைக்காரன், டிரில் மாஸ்டர், லூர்துசாமி, நாற்காலி, எல்லாரையும் ஒரு சுற்று வைது முடித்தபோது வைவதற்கு மீதமிருந்தது ஓர் ஆள்தான், அந்த ஆள் அவனோடேயே எட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தான்.

கோகிலவாணி பூங்கா வாசலில் தெரிந்தாள். முகமெல்லாம் வேர்வை, துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தாள், மூக்கு சிவந்திருந்தது.

"ஏம்ப்பா, நான் வர்றதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டீங்களா? ராத்திரி முச்சூடும் நடந்தது பத்தாதுங்களா?"

அவன் இடுப்பில் கைவைத்து நின்றான். பேசினால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். தலையை மட்டும் ஆட்டினான்.

"நான் ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே எறங்கி நடந்தே வந்தனுங். நேத்துக் காச்சல் வேற. நூத்தியொண்ணு. இருந்தாலும் மொட்டை மாடில எட்டாயிரம் முடிச்சுட்டுத்தான் படுத்தேன். உங்கள ஒருநாளாச்சும் முந்திரணும்னு பாக்கறேன், எங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "இன்னிக்கு டாக்டரம்மா ஊசின்னு மட்டும் சொல்லட்டும், நான் சண்டைக்கே போயிருவேன். இத்தனை நடக்கற மனுசனுக்கு எதுக்கு ஊசி?"

"காச்சலோட எதுக்கு நடந்தே?"

"ம்?"

"நூத்தியொரு டிகிரி காச்சலோட எந்தக் கிறுக்கச்சி மாடியில நடப்பா? புத்தி வேண்டாம்?" குரல் உயர்ந்துவிட்டது. சிரிப்புக்காரர்கள் கையைத் தூக்கியபடியே திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க நடக்கறீங்கல்லப்பா. ராத்திரி வேலையும் பாத்துக்கிட்டு."

"நான் நடக்கல."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. இத்தனை சுற்றுச் சுற்றி எங்கே சொல்வது யாரிடம் சொல்வது என்று புரட்டியது, கடைசியில் வைகிற வேகத்தில் வெளியே வந்து கல் பாதையில் கிடந்தது. அவள் புரியாமல் பார்த்தாள். சொன்னான். தும்பிக்கை, லூர்துசாமி, அறுபத்து மூன்று ராத்திரி. சொல்லச் சொல்லச் சின்னதாகத்தான் இருந்தது, மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை, மூக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சிவந்தது.

"மொத நாள்லருந்தா?"

"நாலாம் நாள்லருந்து."

"எங்க அத்தைகிட்ட உங்களக் காட்டிக் காட்டிப் பேசுனனுங்ப்பா. அம்பது வயசுல எங்கப்பா நடக்கறாரு பாருங்கன்னு. புள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு, கால் வீங்க வீங்க." நிறுத்தினாள். "நான் ஒரு குழாயோடயா இத்தன நாள் போட்டி போட்டேன்?"

"அம்மிணி…"

"அப்ப அந்தக் குழாய்க்குச் சக்கரை கொறஞ்சிருக்கும். அதையே கூட்டிக்கிட்டுப் போங்க டாக்டரம்மாகிட்ட."

கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று புரியச் சற்று நேரமாயிற்று. பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, எட்டின் இரண்டு வயிற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தாள். "அம்மா, அது ராங்கு சைடு" என்றார் சப்-ரிஜிஸ்ட்ரார். அவள் காதில் விழவில்லை. சென்னியப்பன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவரை இடித்துக்கொண்டு பின்னாலேயே போனான், சரிங்க சொல்லவில்லை.

திருச்சி ரோட்டுக்கு வந்தபோது அவள் ஐம்பதடி முன்னால் இருந்தாள். ஆஸ்பத்திரி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூன்று கிலோமீட்டர் இருக்கும், பஸ் ஏறுவாள் என்று நினைத்தான், ஸ்டாப்பில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள். ஆட்டோக்காரன் ஒருத்தன் அவள் பக்கத்தில் ஊர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைப் பார்த்ததும் போய்விட்டான். கூப்பிடலாமா. என்னவென்று கூப்பிடுவது. கண் அவளுடைய மஞ்சள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டது, இஞ்சின் பட்டறைக்கு முன்னால் நின்ற லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடுவில் அது மறையும், தெரியும், மறையும். மறைந்தபோதெல்லாம் அவன் கால் அவனைக் கேட்காமல் இடது பக்கமோ வலது பக்கமோ திரும்பி, சந்து கண்டுபிடித்து, மறுபடி அதை எட்டிப் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. மூச்சு முதலில் நெஞ்சை அறுத்தது. விலா பிடித்தது, அதே இடத்தில், ஏழாவது சுற்றில் பிடித்த அதே இடத்தில். பாவி மகளே, கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன என்று வைதான். மெதுவாகப் போக அவள் என்ன தப்புப் பண்ணினாள். தப்புப் பண்ணினவன்தான் ஓட வேண்டும், டிரில் மாஸ்டர் சொன்னது சரிதான், ஓடு நாயே. பாலத்து ஏற்றத்தில் தொடை நடுங்கியது. ஏற்றத்தின் பாதியில், எந்த இடம் என்று சொல்ல முடியாது, மூச்சு அறுப்பதை விட்டுவிட்டு ஒரு சீருக்கு வந்தது. வேர்வை முதுகெலும்பு வழியாக ஒரே கோடாக இறங்கியது. அந்தக் கோடு அவனுக்குத் தெரிந்த கோடு. மூன்று வருஷமாகத் தெரியாமல் போயிருந்த கோடு. கை தானாக வீச ஆரம்பித்தது. பெற்ற பெண்ணை அறுபத்து மூன்று நாள் ஏமாற்றி, அவள் காய்ச்சலோடு மாடியில் நடந்ததைக் கேட்டு, நெஞ்சுக்குள் அவமானம் கல்லாகக் கிடக்கிறது, இந்த உடம்புக்கு மட்டும் வெட்கம் மானம் இல்லையா, அது பாட்டுக்குச் சந்தோஷப்படுகிறது. பாலத்து உச்சியில் காற்று அடித்தது. எதிரே வந்த லாரிகளின் இரைச்சலில் தான் என்னவோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு வருவது அவனுக்கே சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அவளுக்குக் கேட்டிருக்குமோ.

இருபதடி இடைவெளி. பட்டை அவள் கைப்பிடிக்குள் முன்னும் பின்னும் வீசிக்கொண்டு போயிற்று. இப்போது அவள் நடை முழுவதும் அவன் பேரில் ஏறிக்கொண்டிருக்கும், இன்றைக்கும் அவளால் அவனை முந்த முடியாது. நினைத்ததும் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினான். இருமல் கேட்டு அவள் திரும்பினாள். வேர்த்த முகம், அழுதிருக்கிறாள், துடைத்திருக்கிறாள். அவன் விழுந்துகிழுந்து வைத்தானோ என்று பார்த்த பார்வை. நின்றுவிட்டாள். அங்கே ஒரு பஸ் ஸ்டாப், நிழற்குடை, உட்காரப் பலகை. அவள் தோள் இறங்கியது. கோபம் இறங்குகிறது. அவனுக்குத் தெரியும், இவளும் இவள் அம்மா மாதிரிதான், முதுகு இளகினால் வார்த்தையும் இளகிவிடும், வாங்கப்பா உக்காருங்க என்பாள், பஸ் வரும், ஏறிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் இருந்தது. இரண்டு ஸ்டாப் தூரம், காலை வெயில், இப்போதுதான் சூடேறிய கால். இடது பாதத்தில், பெருவிரலில் இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே, செருப்பு வார் உரசுகிற இடத்தில் சுரீர் என்று வலித்தது, கொப்புளமாகத்தான் இருக்கும். வலிக்கிறது. அந்த இடத்தை அவன் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டான். டாக்டரம்மாவிடம் முதலில் அதைக் காட்ட வேண்டும், அப்புறம் குழாயைச் சொல்ல வேண்டும், இவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு. ஊசி என்றால் ஊசி.

"வாங்கப்பா" என்றாள், பலகையைக் காட்டி. "கொஞ்ச நேரம் உக்காருங்க."

சென்னியப்பன் ஐந்தடி தள்ளியே நின்றான். உட்கார்ந்தால் பஸ் வந்துவிடும், நடை நின்றுவிடும். பிறகு, மூச்சு வாங்காமல், நிதானமாகச் சொன்னான்:

"ஒரு குழாய்க்காகவா ரோட்டுல இந்தக் கூத்து? உங்க அத்தை சொல்றதும் சரியாத்தான் இருக்குது போல."

அவள் முகம் குப்பென்று சிவந்தது. திரும்பினாள், துப்பட்டாவை இன்னும் இறுக்கி முடிந்தாள், முன்னைவிட வேகமாகச் சிங்காநல்லூரைப் பார்த்து நடந்தாள். அவனும் நடந்தான்.